ரீலுக்கு வைத்த பொட்டு

சின்னராஜின் கையில் எதைக் கொடுத்தாலும் அது முதலில் அவன் காதுக்குத்தான் போகும். டப்பா மூடி, குழாய்த் திருகு, சைக்கிள் மணி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் கிலுகிலுப்பை, எதுவானாலும் சரி. கண்ணை அரைவாசி மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டு இரண்டு தடவை திருகிப் பார்ப்பான். திருக முடியாததை ஆட்டிப் பார்ப்பான். ஆட்ட முடியாததைத் தட்டிப் பார்ப்பான். கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்த கையோடு தேவயானியின் காதோரம் குனிந்தான். ஏதோ ரகசியம் சொல்லப் போகிறான் என்று பந்தலில் இருந்த பெண்கள் சிரித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். அவன் கம்மலின் திருகாணியை இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்த்துவிட்டு, "மரை தேஞ்சி கீது. தொலைச்சிடப் போற" என்றான்.

கம்மல் இன்றுவரை தொலையவில்லை. அன்றைக்குப் பந்தலில் போன மானம்தான் திரும்பி வரவில்லை என்பாள் தேவயானி.

மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூர் கடைத்தெருவில் ஒரு தையல்கடையை ஒட்டித் தகரம் போட்ட சின்ன இடம் அவனுடையது. 'மருந்தடிக்கும் மிஷின், தையல் மிஷின் பழுது பார்க்கப்படும்' என்று பலகையில் எழுதியிருக்கும். அவன் உண்மையில் உயிரைக் கொடுத்துச் செய்கிற வேலை அந்தப் பலகையில் இல்லை. எழுதினால் மலையில் யாருக்கும் புரியாது. புரிகிறவர்கள் மலை ஏறி வருவதில்லை.

அந்த வேலை, பழைய தூண்டில் ரீல்களைச் சரிசெய்வது. தூண்டில் கம்பின் அடியில் மாட்டுகிற சக்கரம் அது. கைப்பிடியைச் சுற்றினால் நூல் சுருளும். மீன் இழுத்தால் கிர்ர்ரென்று கத்திக்கொண்டு நூல் ஓடும். வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்காட்டுக்கும் குடகுக்கும் நீலகிரிக்கும் வந்த பித்தளை ரீல்கள், எத்தனையோ பங்களாக்களின் பரணில் களிம்பேறிக் கிடக்கின்றன. பங்களாவை விற்கும்போது அவை பழைய சாமான்காரன் கைக்கு வரும். அங்கிருந்து சின்னராஜின் மேசைக்கு. அவன் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தேய்ந்த பல்லுக்குப் பதிலாகத் தையல் மிஷின் இரும்பை அராவி வைத்து, உடைந்த சுருளுக்குப் பதிலாகக் குடைக் கம்பியை வளைத்து வைத்து, காதில் வைத்துச் சுற்றுவான். கிர்ர்ர். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வரும். பெற்ற பிள்ளைகள் முதல் முதலாக 'அப்பா' என்றபோதுகூட வராத சந்தோஷம். பிள்ளைகள் 'அப்பா' என்றபோது அவன் ஊரிலேயே இல்லை என்பது வேறு விஷயம்.

இத்தனைக்கும் சின்னராஜ் ஒரு மீன்கூடப் பிடித்தது கிடையாது. முள் ஒன்று தொண்டையில் சிக்கியதிலிருந்து மீன் சாப்பிடுவதும் கிடையாது. ஓடையில் தண்ணீர் வருகிற மாதங்களில் ஊர்ப் பெண்கள் பழைய புடவையை விரித்து அரைக்கூடை கெண்டைப்பொடியை அள்ளிக்கொண்டு வந்து, அவன் கடை வாசலில் நின்று, "இன்னாண்ணா, உன் மிஷின்ல எத்தினி வுழுந்துச்சி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் தலையைத் தூக்க மாட்டான். ஓடாத காரைத் துடைத்துக்கொண்டிருப்பவனைக் கண்டால் 'கார் வைத்திருக்கிறான்' என்று மரியாதையாகச் சொல்கிற ஊர், மீன் பிடிக்காதவன் ரீலைத் துடைத்தால் மட்டும் ஏன் பைத்தியம் என்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அவனும் கேட்கவில்லை. அவன் காதில்தான் எப்போதும் ஏதாவது ஒன்று சுற்றிக்கொண்டிருக்குமே.

இந்தப் பித்து ஒட்டிக்கொண்டது குடகில். கல்யாணமான புதிதில் மலையிலிருந்து காப்பிக்கொட்டை பறிக்கப் போகும் கும்பலோடு அவனும் போனான். போன இடத்தில் மருந்தடிக்கும் மிஷின்களைச் சரிசெய்கிற கை என்று தெரிந்து எஸ்டேட் முதலாளி பங்களாவுக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு கண்ணாடி அலமாரி நிறைய ரீல்கள். ஒன்று சிக்கிக்கொண்டு சுற்றவில்லை. சின்னராஜ் வழக்கம்போல் காதில் வைத்தான். அதற்குப்பின் அவன் காப்பிச்செடி பக்கம் போகவில்லை. தீபாவளி முடிந்து போனால் சித்திரையில்தான் வருவான். இரண்டு பிரசவமும் அவன் குடகில் இருக்கும்போது நடந்தன. ஒரு மழையில் வீட்டுக் கூரை பறந்துபோனபோது தேவயானி கைக்குழந்தையோடு ஆட்டுப்பட்டியில் படுத்துக் கிடந்தாள். அந்தச் சித்திரையில் அவன் வந்து இறங்கியதும், "இனி ஒருவாட்டி நீ குடகுக்குப் போனா, திரும்பி வர்றப்ப வூடு இருக்கும். நான் இருக்க மாட்டேன்" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்குப் பயம் வந்தது.

நல்லவேளையாக ஆலங்காயத்துப் பஞ்சாட்சரம் கிடைத்தார். பழைய சாமான் வியாபாரி. ரீல்களைக் கொண்டுவந்து கொடுப்பார், சரியானதும் பெங்களூர்க்காரர் ஒருவருக்கு விற்பார். இந்த ஏற்பாடு இருந்ததால் சின்னராஜ் குடகை மறந்தான். இது நின்றால், மருந்து மிஷினை மட்டும் நம்பி மலையில் நாலு வாய்க்குச் சோறு போட முடியாது. குடகுக்கு ஆள் திரட்டுகிற மேஸ்திரியோ தேவயானியின் சொந்தத் தம்பி பழனி. வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னால் வந்து, "மாமா, வண்டியில ஓரெடம் காலியா கீது" என்று சொல்லிவிட்டுப் போவான். அக்கா அவனுக்குக் காப்பி கொடுப்பாள், சர்க்கரை போடாமல்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கறுப்பு ரீல் வந்தது.

உள்ளங்கை அகலம், நல்ல கனம். மேலே முழுக்கப் பழுப்பும் கறுப்புமாக ஒரு நிறம். பஞ்சாட்சரம் அதைத் துணியிலிருந்து பிரித்த விதத்திலேயே சின்னராஜுக்கு அதன் மதிப்புப் புரிந்துவிட்டது. "உள்ள சரிபண்ணு. வெளிய கைய வெக்காத. அந்தக் கறுப்பு போச்சின்னா பெங்களூர்க்காரரு ரீலும் வாணாம், நீயும் வாணாம்னுடுவாரு. அப்பறம் நானும் மலையேறி வர வேல இல்ல" என்றார். சின்னராஜ் தலையாட்டினான். வேலையை முடித்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தான். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பித்தளை விஷயத்தைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டுமென்று அவனுக்கு ஏன் தோன்றப் போகிறது?

மறுநாள் ஆயுத பூஜை.

தேவயானி விடிவதற்குள் எழுந்து, கத்தி, மண்வெட்டி, அரிவாள்மணை, மாவு மிஷின் என்று எல்லாவற்றையும் கழுவினாள். புருஷனின் பெட்டியைத் திறந்தாள். ஸ்பானர்களைத் துடைத்தாள். அடியில் துணி சுற்றி ஒன்று. அழுக்கென்றால் அப்படி ஓர் அழுக்கு. அவள் வாழ்க்கையில் கறுப்பாக இருந்த எதையும் அவள் அப்படியே விட்டதில்லை. சட்டி, விளக்கு, பிள்ளைகளின் கழுத்து, எதையும். புளியைக் கரைத்தாள். உப்புப் போட்டாள். தேய்த்தாள். விடவில்லை அது. இவளும் விடவில்லை. சூரியன் மரத்துக்கு மேல் வந்தபோது ரீல் பொன் மாதிரி தகதகத்தது. முன்னால் மூன்று கோடு விபூதி, எண்ணெயில் குழைத்த குங்குமத்தில் ஒரு பொட்டு, பின்னால் ஒரு பொட்டு. மணைமேல் நடுநாயகமாக வைத்து, பக்கத்தில் பொரி வைத்தாள்.

சின்னராஜ் குளித்துவிட்டு வந்து சாமி கும்பிட உட்கார்ந்தான். பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்தான். காதில் வைத்துச் சுற்றினான். கிர்ர்ர். முகத்தில் சந்தோஷம் வந்தது. பிறகு மெதுவாகக் கண்ணைத் திறந்தான்.

"தேவயானி."

"இன்னா?"

"இது இன்னாது?"

"ஆயுதம். உன்னுதுதான். கண்ணு தெரியலயா?"

"இதுமேல கறுப்பா ஒண்ணு இருந்துச்சே, எங்க?"

"புளியில போச்சி. எந்தக் காலத்து அழுக்கோ! தேய்ச்சி தேய்ச்சி என் தோளே கழண்டு வுழுந்துச்சி. நல்லாகீதுன்னு ஒரு வார்த்த வருதா பாரு வாயில."

சின்னராஜ் ரீலை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். "அது அழுக்கில்லடி. அதான் சரக்கே."

"கறுப்பா?"

"கம்பெனியிலயே கறுப்பு ஏத்திதான் அனுப்புவானாம். பளபளன்னு இருந்தா வெயில்ல மின்னும், மீனு பயந்துக்கினு ஓடிடும்."

"பயப்படறதுக்கு இங்க மீனு எங்க கீது?" என்றாள் தேவயானி. கேட்ட பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். பஞ்சாட்சரம் சொன்னதை முழுதாகச் சொன்னான். அவள் பொரித்தட்டைக் கீழே வைத்தாள்.

"இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நீ கேக்கல."

கறுப்பைக் கழுவலாமா என்று உலகத்தில் யார் யாரைக் கேட்டிருக்கிறார்கள்? அழுக்குக்குக் காசு கொடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? ஆனாலும் தேய்த்தது அவள் கை. அந்தக் கையை அவள் அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சின்னராஜ் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். மூன்றாம் நாள் பழனி வந்தான். எதற்கு வந்தான் என்று கேட்க வேண்டியதில்லை. முகத்தில் துண்டு கிடக்கிற மாமனைப் பார்த்து, "மாமா செத்துட்டாரா, தூங்கறாரா?" என்றான்.

"ரெண்டுத்துக்கும் நடுவுல கீறாரு" என்றாள் தேவயானி.

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பழனி, வண்டி எப்பக் கெளம்புது?"

தேவயானி எழுந்து வெளியே போனாள். அழப் போகவில்லை, ஆடுகளை அவிழ்க்க நேரமாகிவிட்டது. பட்டிக்கதவைத் திறந்ததும் கிடா முதலில் வந்து அவள் இடுப்பில் முட்டியது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா, அந்தத் திமிர் அதற்கு நிறைய. கழுத்து மணி 'டொங்' என்றது. அவள் எரிச்சலோடு மணியைப் பிடித்துத் தள்ளினாள். பிடித்த கை அப்படியே நின்றது.

பூஜைக்காக அந்த மணியையும் புளி போட்டுத்தான் தேய்த்திருந்தாள். அன்றைக்குத் தங்கமாக மின்னியது. இப்போது கீழ்ப்பாதி முழுக்கப் பழுப்பேறிக் கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் இதே கதை. எவ்வளவு தேய்த்தாலும் பட்டியில் நாலு ராத்திரி படுத்து எழுந்தால் மணி கறுத்துப்போகும். அதற்காகக் கிடாவைத் திட்டாத வருஷம் இல்லை. மூத்திரத்தில் படுத்துப் புரளுகிற ஜென்மம்.

"டேய் நாயே," என்று அதன் கொம்பைப் பிடித்து ஆட்டினாள், "நீதான்டா என் கம்பெனி."

ஒரு பழைய பானையை எடுத்தாள். கிடா படுக்கிற மூலையில் ஊறிப்போன மண்ணை வெட்டி அடியில் போட்டாள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான். ரீலின் விபூதியைத் துடைத்து, பானை வாயில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து, மண் படாமல் உள்ளே தொங்கவிட்டாள். தட்டுப் போட்டு மூடிச் சாணி மெழுகினாள். பானையைப் பட்டிக்குள்ளேயே வைத்தாள். திருட வருகிறவனுக்கும் மூக்கு உண்டே. தினமும் காலையில் திறந்து பார்த்து, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மூடினாள். அந்த வாடையில் கண்ணீர் தானாக வந்தது. எது எதற்கான கண்ணீர் என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. முதல்நாள் மஞ்சள் மங்கியது. அப்புறம் தேன் நிறம். அப்புறம் முற்றிய புளியம்பழத்து ஓட்டு நிறம். அதோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு ராத்திரி விட்டாள்.

ரீலை எடுக்கப் பஞ்சாட்சரம் வருகிற சந்தை நாளுக்கு முந்தின நாள், துண்டுக்கு அடியில் கிடந்தவன் கையில் அதை வைத்தாள். கை தானாகக் காதுக்குப் போனது. கிர்ர்ர். துண்டு விலகியது. அவன் ரீலைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், ரீலை மூக்குக்குக் கொண்டுபோனான்.

"இன்னாடி நாத்தம்?"

"உன் வெள்ளைக்காரன் வாசன. எண்ணெ போட்டுத் தொட."

எப்படிச் செய்தாய் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மறுநாள் கடையில் பஞ்சாட்சரம் ரீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேவயானி சந்தைக்குச் சாமை கொண்டுவந்தவள்போல் வாசலில் மூட்டையோடு நின்றாள். மூட்டையின் வாய் அவிழ்ந்து சாமை காலடியில் கொட்டியதை அவள் கவனிக்கவில்லை.

பஞ்சாட்சரம் மூக்கை உறிஞ்சினார். "இன்னாபா, கிடா வாட வருது?"

"சந்தை நாளுண்ணா. கிடா வராம யானையா வரும்?" என்றான் சின்னராஜ்.

அவர் ரீலைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே கறுப்புக்கு நடுவே, கட்டைவிரல் அகலத்துக்கு வட்டமாக ஒரு பொன் பொட்டு மின்னியது. முன்பக்கப் பொட்டைத் துடைத்த தேவயானி பின்பக்கத்தை மறந்துவிட்டிருந்தாள். எண்ணெய்க் குங்குமம் இருந்த இடத்தில் கறுப்பு ஏறவில்லை.

"இது இன்னாது, பொட்டாட்டம்?"

ராத்திரி மங்கிய விளக்கில் எண்ணெய் போட்டுத் துடைத்த சின்னராஜும் அதை அப்போதுதான் பார்த்தான். வாசலைப் பார்த்தான். அவன் பெண்டாட்டியின் நெற்றியில் அதே அளவில் ஒரு பொட்டு இருந்தது. "அது முன்னாலருந்தே இருந்துச்சிண்ணா. எண்ணெ போட்டதும் வெளிய தெரியுது" என்றான். சின்னராஜ் அதுவரை பொய் சொன்னதில்லை என்பதல்ல. இவ்வளவு வேகமாகச் சொன்னதில்லை. பஞ்சாட்சரம் உதட்டைப் பிதுக்கினார். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

நாலைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. சின்னராஜ் குடகுக்குக் கொண்டுபோகிற பழைய பையை மூலையிலிருந்து எடுத்து உதறினான். தேவயானி அதை எடுத்துத் திரும்ப மூலையில் எறிந்தாள். மறுபடி உதறினான், மறுபடி எறிந்தாள். பிறகு போன் வந்தது. பஞ்சாட்சரத்தின் குரல் வாசல்வரைக்கும் கேட்டது.

"சின்னராஜி! பெங்களூர்க்காரரு லென்சு வெச்சிப் பாத்தாரு. கறுப்பு அசல்னுட்டாரு. அந்தப் பொட்டுதான் அவருக்கு ரொம்பப் பிடிச்சிப்போச்சி. இன்னா சொன்னாரு தெரியுமா? எவனோ ஒரு தொர அம்பது வருசம் கட்டவெரல வெச்சி வெச்சிப் புடிச்சதுல தேஞ்ச எடமாம் அது!"

தேவயானி தன் கட்டைவிரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் குங்குமம் இருந்தது. "தொரயே, கும்பிட்டுக்கறேன் சாமி" என்று விரலை நெற்றியில் தொட்டுக்கொண்டாள்.

"அப்பறம் கேளு" என்றது போன். "எவனெவனோ அறிவுகெட்டவன் ரீலையெல்லாம் பளபளன்னு தேய்ச்சிக் கெடுத்து வெச்சிருக்கான். எங்கிட்ட மூணு கீது. அதே மாரி கறுப்பு ஏத்த முடியுமா உன்னால?"

அறிவுகெட்டவன் என்ற இடத்தில் சின்னராஜ் பெண்டாட்டியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். "ஒரு வாரத்துல குடுத்துடறேண்ணா. நம்ம தொழில் ரகசியம் ஒண்ணு கீது" என்றான்.

ரகசியம் அவனுக்குத் தெரியாது. ஆட்டுப்பட்டி என்று மூக்கு சொன்னது, அவ்வளவுதான். ரீல்கள் வந்ததும் ஒன்றைக் கொண்டுபோய்ப் பட்டி மண்ணில் புதைத்தான். மறுநாள் தோண்டினால் பச்சைப் பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. போதாததற்குக் கிடா அதன்மேல் காலை வைத்துக் கைப்பிடியை வளைத்துவிட்டது. அன்று சாயங்காலம் அவள் சோறு போடும்போது, "அந்தக் கறுப்ப நீ எப்பிடி..." என்று தொடங்கினான்.

"எந்தக் கறுப்ப?"

"அதான்டி."

"அதான்னா எது? தொழில் ரகசியமா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். தேவயானி எதிரே உட்கார்ந்தாள். மலையில் கூலியைவிட மாத்தாள் கணக்குப் பழசு. இன்றைக்கு நான் உன் கொல்லையில் வேலைக்கு இறங்கினால், நாளைக்கு நீ என் கொல்லையில் இறங்க வேண்டும். காசு கிடையாது. எழுதிவைப்பதும் கிடையாது. மாத்தாளை மறந்தவனுக்கு ஊரில் அடுத்த தடவை ஆள் கிடைக்காது.

"சொல்லித்தர மாட்டேன்" என்றாள். "நானே போடறேன். மாத்தாளு. ஒரு ரீலுக்கு ஒரு நாளு நீ எனக்கு வேல செய்யணும். நம்ம கொல்லப் புளியமரம் மூணு வருசமா நான்தான் ஏறி உலுக்கறேன். இனி நீ ஏறு."

சின்னராஜுக்கு மரமென்றால் பயம். ஏணியின் மூன்றாம் படியிலேயே தலை சுற்றும். இருந்தாலும், "சரி" என்றான்.

பானை பட்டிக்குள் போனது. மூன்று ரீலும் கறுத்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேவயானி மறக்காமல் ஒரு பொட்டு வைத்தாள். அதற்கப்புறமும் ரீல்கள் வந்தபடி இருக்கின்றன. பழனியும் தீபாவளிக்கு முன்னால் தவறாமல் வருகிறான். "மாமா, ஓரெடம் காலியா..." என்று தொடங்கும்போதே சின்னராஜ் கையை ஆட்டிவிடுகிறான்.

"எங்கப்பா வர்றது? உங்கக்காவுக்கு மாத்தாளு பாக்கி கெடக்குது. அத்த முடிக்காம ஊர வுட்டுப் போனா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

பழனி அக்காவைப் பார்ப்பான். அக்கா காப்பியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருப்பாள்.

மாசியில் புளி பழுக்கும். சின்னராஜ் காலையில் கடைக்குக் கிளம்பும்போது கொல்லைப் பக்கம் வந்து மரத்தடியில் நிற்பான். தேவயானி கயிற்றையும் கோணியையும் எடுத்துவைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாள். அவன் தாழ்ந்த கிளையில் ஒரு பழத்தைப் பறித்துக் காதருகே வைத்து ஆட்டுவான். ஓட்டுக்குள் பழம் கடகடவென்று ஆடும். நன்றாகப் பழுத்தால்தான் அப்படி ஆடும். அவளுக்கே அந்தச் சத்தம் கேட்கும்.

"இன்னும் நாலு நாளு போவட்டும்" என்பான். பழத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்குவான்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மரத்தில் ஏறுவாள்.